பூண்டுலோயாவிலிருந்து காலிக்கு எத்தனை தலைமுறை?

2017 மே 12ஆம் திகதி நோர்வூட் மைதானத்தில் மலையக மக்கள் முன் பேசிய இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி, இந்த மண் உலகுக்குத் தந்தவர்கள் என்று இருவரை நினைவுகூர்ந்தார். ஒருவர் எம்.ஜி.ஆர்., மற்றவர் முத்தையா முரளிதரன். மேலும் 10,000 வீடுகள் கட்டித்தரப்படும் என்று அறிவித்ததும் அந்தப் பேச்சில்தான். அதற்கு முன்பே தொடங்கியிருந்த இந்திய உதவித் திட்டத்தின்கீழ் கட்டப்பட்ட 404 வீடுகள், அடுத்த ஆண்டு ஓகஸ்டில் பூண்டுலோயா டன்சினன் தோட்டத்தில் மக்களிடம் கையளிக்கப்பட்டன. லயத்துக் காம்பிராவை விட்டுத் தனிவீட்டுக்குக் குடிபோன அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் முரளிதரனின் பெயர் மனப்பாடம். தோட்டத்தில் பந்து எறியப் பழகும் எந்தப் பையனுக்கும் முதலில் கிடைக்கும் பட்டப்பெயர் ‘முரளி’தான்.

நம்மவர் என்று அவரைக் கொண்டாடுவதில் தவறில்லை. ஆனால் அவருடைய விளையாட்டு வாழ்க்கையைப் படிப்படியாகப் பின்னோக்கிப் பார்த்தால், மேடைகளில் சொல்லப்படுவதற்கு நேர்மாறான செய்தி ஒன்று கிடைக்கிறது. தோட்டத்துப் பிள்ளையும் உலகத்தை வெல்லலாம் என்பதற்கு அவரைச் சான்றாகக் காட்டுகிறோம். உண்மையில் அவர் தோட்டத்தில் பிறந்தவர் அல்லர், தோட்டப் பாடசாலையில் படித்தவரும் அல்லர். அவர் பிறப்பதற்கு முன்பே அவருடைய குடும்பம் தோட்டத்தை விட்டு வெளியேறியிருந்தது. அந்த வெளியேற்றம் இல்லாவிட்டால் 800 டெஸ்ட் விக்கெட்டுகளும் இல்லை என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

அவருடைய தாத்தா பெரியசாமி சின்னசாமி 1920இல் தமிழ்நாட்டிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு இங்கு வந்தவர். பின்னாளில் மகள்மாரை அழைத்துக்கொண்டு அவர் திருச்சிக்கே திரும்பிவிட்டார். மகன்மார் இங்கேயே தங்கினார்கள். குடும்பம் கடலின் இரு கரைகளிலும் பிரிந்து கிடப்பது மலையகத்தில் எந்த வீட்டுக்கும் புதிய கதையல்ல. தங்கிய மகன்களில் ஒருவரான முத்தையா, கண்டிப் பக்கத்தில் பிஸ்கட் உற்பத்தித் தொழிலில் இறங்கினார். அவருடைய மூத்த மகன் 1972 ஏப்ரல் 17ஆம் திகதி கண்டியில் பிறந்தார்.

தாத்தாவின் வருகைக்கும் பேரனின் பிறப்புக்கும் இடையில் 52 ஆண்டுகள். அந்த இடைவெளியில் இந்த மக்களுக்கு நடந்த பெரிய காரியம் 1948இல் நடந்தது. அந்த ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. மறு ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. அதே 1948இன் மார்ச் மாதத்தில், இங்கிலாந்துக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்த பிரட்மனின் அவுஸ்திரேலிய அணி கொழும்பில் இறங்கி ஒருநாள் ஆடியது. அன்று இலங்கை அணிக்குத் தலைமை தாங்கியவர் ஒரு தமிழர், மகாதேவன் சதாசிவம். ஆகவே, இலங்கைக் கிரிக்கெட்டில் தமிழருக்கு இடமே இருக்கவில்லை என்று சொல்ல முடியாது. இடம் இருந்தது. அது கொழும்பின் பெரிய கல்லூரிகளிலும் 1899இல் தொடங்கிய தமிழ் யூனியன் போன்ற கழகங்களிலும் இருந்தது. தோட்டங்களுக்கு நடுவிலும் ரதல்ல, தரவளை போன்ற இடங்களில் அழகான புல்வெளி மைதானங்கள் உண்டு. அவை துரைமாரின் கழகங்களுக்காக அமைந்தவை.

இந்த இடத்தில் ஓர் ஒப்பீட்டுக்காகக் கனடாவுக்குப் போய்வர வேண்டியிருக்கிறது. விளையாட்டுகூட நமக்குச் சம்பந்தமில்லாத ஐஸ் ஹொக்கிதான். ஆனால் அதற்குப் பின்னால் இருக்கும் வாழ்க்கை நமக்கு மிக நெருக்கமானது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பஞ்சாபிலிருந்து கனடாவின் மேற்குக் கரைக்குப் போனவர்கள் மர ஆலைகளில் கூலிகளாக உழைத்தார்கள். வான்கூவர் தீவில் டங்கன் என்ற சிறு நகரத்துக்கு அருகே, பஞ்சாபிலுள்ள தங்கள் ஊர்ப்பெயரையே சூட்டி ‘பால்டி’ என்று ஒரு மர ஆலைக் கிராமத்தையே அவர்கள் உருவாக்கினார்கள். அவர்களுடைய வாக்குரிமையும் 1907இல் பறிக்கப்பட்டதுதான். ஆனால் 1947இல் அது திரும்பக் கிடைத்தது. இந்த 1947ஐயும் நம் 1948ஐயும் அருகருகே வைத்துப் பாருங்கள். 1947இல் மர ஆலைப் பஞ்சாபிக்கு உரிமை திரும்புகிறது, 1948இல் தோட்டத் தமிழருக்கு இருந்ததும் போகிறது.

அந்த டங்கன் நகரத்தில் 1966இல் பிறந்தவர் ரொபின் பாவா. 1989இல் வாஷிங்டன் கெப்பிட்டல்ஸ் அணிக்காகக் களமிறங்கி, வட அமெரிக்காவின் தேசிய ஹொக்கி லீக்கில் ஆடிய இந்திய வம்சாவளியினரில் முதலாமவரானார். வான்கூவர், சான் ஹோசே, அனஹைம் அணிகளுக்கும் ஆடினார். உச்ச லீக்கில் அவர் ஆடிய ஆட்டங்கள் மொத்தம் 61, அடித்த கோல்கள் ஆறு. மிச்சக் காலமெல்லாம் கீழ்நிலை லீக்குகளில், ஊர் ஊராகக் கழிந்தது. 1999இல் தலையில் பட்ட அடியின் விளைவால் ஓய்வுபெற்றார். இளையோர் லீக்கில் கோல்களைக் குவித்த இந்த வீரரைத் தொழில்முறை அணிகள் பெரும்பாலும் எதிரணியை முட்டி மோதி அடக்கும் ஆளாகவே பயன்படுத்தின. கூலிக் குடும்பங்களிலிருந்து வருகிறவனிடம் உலகம் முதலில் அவன் உடம்பைத்தான் கேட்கிறது. நிறத்தைச் சொல்லி இழித்த குரல்களையும் அவர் பனிக்களத்தில் கேட்டிருக்கிறார்.

முரளிதரனின் சாதனைக்குப் பக்கத்தில் பாவாவின் எண்கள் சிறியவைதான். நான் சாதனையை ஒப்பிடவில்லை, பாதையை ஒப்பிடுகிறேன். கனடாவில் சிறு நகரத்திலும் பொதுப் பனியரங்கு உண்டு. வயதுவாரியாகப் பிரித்த அணிகளும், பதினாறு வயதில் ஆளைத் தேடி வந்து எடுக்கும் இளையோர் லீக்கும் உண்டு. தொழிலாளி வீட்டுப் பிள்ளை தன் நகரத்திலிருந்தபடியே முதல் படியில் கால்வைக்கலாம். பூண்டுலோயாவில் அந்த முதல் படியே இல்லை.

முரளிதரனுக்கு அந்தப் படியாக அமைந்தது கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரி. கத்தோலிக்கக் குருமார் தொடங்கிய பழைய கல்லூரி அது. கடினப்பந்து, ஒழுங்கான ஆடுகளம், பருவம் தவறாத பாடசாலைப் போட்டிகள், பயிற்றுநர் எல்லாம் அங்கே இருந்தன. ஆரம்பத்தில் அவர் மிதவேகப் பந்துவீச்சாளர். பதினான்கு வயதளவில், பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோவின் சொற்படி ஓஃப் ஸ்பின்னுக்கு மாறினார். 1990/91 பருவத்தில் நூறு விக்கெட்டுகளுக்கு மேல் வீழ்த்தி, ‘பாட்டா’ ஆண்டின் சிறந்த பாடசாலைக் கிரிக்கெட் வீரர் விருதைப் பெற்றார். பிறகு தமிழ் யூனியன். 1992 ஓகஸ்ட் 28இல் கெத்தாராம மைதானத்தில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக டெஸ்ட் அறிமுகம். சுழலுக்கு மாறிய நாளிலிருந்து ஆறே ஆண்டுகள்.

அந்தப் பதினான்கு வயதை மறுபடி நினைத்துப் பார்க்கிறேன். தோட்டத்தில் பல பையன்கள் படிப்பை விட்டுக் கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போவதும் ஏறக்குறைய அந்த வயதில்தான். ஒரு பையனின் மணிக்கட்டை உற்றுப் பார்த்து, ‘நீ இதை விடு, அதைப் போடு’ என்று சொல்ல ஓர் ஆள் இருந்தார். அந்த ஆளுக்குச் சம்பளம் கொடுக்க ஒரு கல்லூரி இருந்தது. பிள்ளையை அந்தக் கல்லூரிக்கு அனுப்ப, நாட்சம்பளத்தில் தொங்காத ஒரு தகப்பன் இருந்தார். இவற்றில் ஒன்று குறைந்திருந்தாலும் நாம் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டோம்.

தோட்டங்களில் கிரிக்கெட் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. மலையை வெட்டிச் சமப்படுத்திய சிறு துண்டு நிலத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் மென்பந்து ஆட்டம் நடக்கும். ஓங்கி அடித்தால் பந்து தேயிலைக்குள் விழும். சில இடங்களில் அப்படி விழுந்தால் ஆள் அவுட் என்றே சட்டம். தீபாவளி, பொங்கல் நாட்களில் சுற்றுப்போட்டி, கிண்ணம் எல்லாம் உண்டு. ஆனால் மென்பந்து வேறு, கடினப்பந்து வேறு. கடினப்பந்தின் நடுவே தையல் மேடு இருக்கிறது. சுழற்பந்து வீச்சாளன் விரலைப் பதிப்பது அதில்தான், பந்து தரையில் பட்டுத் திரும்புவதும் பெருமளவு அதனால்தான். மென்பந்தாக ஆடும் டெனிஸ் பந்தில் அந்தத் தையலும் இல்லை, அந்த எடையும் இல்லை. அதை வேகமாக எறியப் பழகலாம், கடினப்பந்தைச் சுழற்றும் கலையை அதில் முழுதாகப் பழக முடியாது. முரளிதரனோ மற்ற ஓஃப் ஸ்பின்னர்களைப் போல விரலை மட்டும் நம்பியவரல்லர். அசாதாரணமாக வளையும் மணிக்கட்டாலும் சுழலும் தோளாலும் பந்தைத் திருப்பியவர். அப்படியான ஒரு மணிக்கட்டு இன்று டன்சினனிலோ ஷீன் தோட்டத்திலோ இருந்தாலும், மென்பந்து அதை முழுதாக வெளிக்காட்டாது. திறமை இருந்தும் வெளிவராமல் போகும் என்று சும்மா சொல்லவில்லை. ஆட்டத்தின் இயற்பியலே அப்படி.

அவருடைய வாழ்க்கையின் இரண்டாவது பெரிய படி மெல்பேர்ண். 1995 டிசம்பர் 26, ‘பொக்சிங் டே’ டெஸ்ட். பந்தை வீசவில்லை, எறிகிறார் என்று நடுவர் டெரல் ஹெயார் மூன்று ஓவர்களுக்குள் ஏழு தடவை நோ-போல் அறிவித்தார். அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க அவரை மறுமுனைக்கு மாற்றினார். அங்கே நின்ற நடுவர் ஸ்டீவ் டன் ஒரு தடவைகூட நோ-போல் சொல்லவில்லை. ஒரே கை, ஒரே நாள், ஒரே மைதானம், இரண்டு தீர்ப்புகள். பத்து நாள் கழித்துப் பிறிஸ்பேனில் நடுவர் ரொஸ் எமர்சன் மறுபடி நோ-போல் சொன்னார். முழங்கையை நீட்டி எறிவது மிகக் கடினமான லெக் ஸ்பின்னை முரளிதரன் வீசிக் காட்டியபோதும் நடுவரின் கை நீண்டுகொண்டேதான் இருந்தது. 1999 ஜனவரியில் அடிலெய்டில் அதே எமர்சன் கையை நீட்டியபோது, ரணதுங்க அணியை மைதான ஓரத்துக்கே அழைத்துப் போய் ஆட்டத்தை நிறுத்தினார்.

நடுவர்களை வில்லன்களாக்குவது எளிது. அவர்கள் கண்ணுக்குத் தெரிந்ததைச் சொன்னார்கள். கண்ணுக்குத் தெரிந்தது உண்மையா என்பதுதான் சிக்கல். முரளிதரனின் முழங்கை பிறவியிலேயே முழுதாக நீளாதது. வளைந்த கை வேகமாகச் சுழலும்போது, அது நீள்வதுபோல் கண்ணுக்குப் படும். 1996இல் மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹொங்கொங்கிலும் அவர் பந்துவீச்சு ஆய்வுக்கு உட்பட்டது. அது எறிபோலத் தோன்றும் கண்மயக்கமே என்ற முடிவின் பேரில் சர்வதேச கிரிக்கெட் சபை அனுமதித்தது. 2004இல் ‘தூஸ்ரா’ பந்து மீது மீண்டும் முறைப்பாடு வந்தது. அதே ஆண்டு அவுஸ்திரேலியப் பிரதமராக இருந்தவரே அவரை ‘எறிபவர்’ என்று சொல்ல, முரளிதரன் அந்நாட்டுப் பயணத்தைத் தவிர்த்தார். முழங்கை அசையாதபடி உறுதியான கவசம் மாட்டிக்கொண்டு, கமராக்களுக்கு முன் தன் பந்துகளை எல்லாம் வீசிக் காட்டினார். விளையாட்டு வரலாற்றில் தன் உடம்பையே இவ்வளவு தடவை சாட்சிக்கூண்டில் ஏற்ற வேண்டிவந்த வீரர் வேறு எவரையும் எனக்குத் தெரியவில்லை.

அதனால் விளைந்த பலன் அவருக்கு மட்டும் உரியதல்ல. அதிவேகக் கமராக்கள் வைத்து ஆராய்ந்தபோது, குற்றமே சொல்லப்படாத பெரிய பந்துவீச்சாளர்களின் முழங்கையும் பந்தை விடும் கணத்தில் ஓரளவு நீள்வது தெரியவந்தது. சுழற்பந்துக்கு 5 பாகை, வேகப்பந்துக்கு 10 பாகை என்றிருந்த எல்லைகள் நீக்கப்பட்டு, 2005 மார்ச்சிலிருந்து எல்லாருக்கும் 15 பாகை என்ற ஒரே எல்லை வந்தது. முரளிக்காகச் சட்டத்தை வளைத்தார்கள் என்போர் இன்றும் உண்டு. அளவெடுத்துப் பார்க்காமல் எழுதிய சட்டத்தை, அளவெடுத்தபின் திருத்தினார்கள் என்பதே சரி.

இங்கும் நான் பார்ப்பது அவருக்குப் பின்னால் நின்றவர்களைத்தான். அணித்தலைவர் தன் பதவியைப் பணயம் வைத்தார். கிரிக்கெட் சபை கைவிடவில்லை. மருத்துவர்களும் பல்கலைக்கழக ஆய்வுகூடங்களும் கிடைத்தன. சிங்களவர் பெரும்பான்மையாக இருந்த அணியும் ரசிகர்களும், உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த ஆண்டுகளில், ஒரு தமிழ்ப் பந்துவீச்சாளருக்காக நின்றார்கள். இது சிறிய விஷயமல்ல. அதைவைத்து நாட்டில் இனப்பிரச்சினையே இல்லை என்று வாதிடுவதும் நேர்மையல்ல. சிறுவயதில் இனவன்முறையில் தன் தந்தை வெட்டுக்குள்ளானதை முரளிதரனே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்.

அவர் அதைச் சொன்னது 2020 ஒக்டோபரில். ‘800’ என்ற அவருடைய வாழ்க்கைப் படத்தில் விஜய் சேதுபதி நடிப்பதற்குத் தமிழ்நாட்டில் எழுந்த எதிர்ப்பின்போது ஓர் அறிக்கை வெளியிட்டார். எதிர்ப்பு வலுக்கவே விஜய் சேதுபதி விலகினார். எம்.எஸ். ஸ்ரீபதி இயக்கிய அந்தப் படம் மதுர் மிட்டல் நடிப்பில் 2023இல்தான் வெளிவந்தது. போரின் முடிவைப் பற்றியும் அரசியல் தலைமைகளைப் பற்றியும் முரளிதரன் பேசியவை போரில் பிள்ளைகளை இழந்த வீடுகளைப் புண்படுத்தின. அந்தக் கோபத்தை நான் குறைசொல்ல மாட்டேன். அவருடைய சொற்களோடு எனக்கும் உடன்பாடில்லை. ஆனால் அந்த வாரங்களில் நடந்த வாதங்களில் ‘மலையகம்’ என்ற சொல் எவ்வளவு அரிதாக ஒலித்தது என்பது என்னைச் சங்கடப்படுத்தியது. தன் அறிக்கையில் மலையகத் தமிழன் என்று தன்னை அடையாளப்படுத்தியவர் அவர்தான். எதிர்த்தவர்களும் ஆதரித்தவர்களும் ‘ஈழத் தமிழரா, இலங்கையரா’ என்ற இரண்டே கேள்விகளோடு நின்றுவிட்டார்கள். 1964இல் இலங்கையும் இந்தியாவும் செய்த ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று எண்ணிப் பிரிக்கப்பட்ட ஒரு சமூகத்தின் அரசியல் அச்சமும் அடக்கமும் வேறு வகையானவை. அதைத் தெரிந்துகொண்டும் அவருடன் முரண்படலாம். தெரியாமல் முரண்பட்டால் அவரோடு சேர்த்து அந்தச் சமூகத்தையும் அழித்துவிட்டுப் பேசுகிறோம்.

சாதனைகளைச் சுருக்கமாகவே சொல்கிறேன், அவை எங்கும் கிடைப்பவை. 1996 உலகக் கிண்ணம் வென்ற அணியில் இருந்தார். 1998இல் லண்டன் ஓவல் மைதானத்தில் ஒரே டெஸ்டில் 16 விக்கெட்டுகள். 2007 டிசம்பர் 3ஆம் திகதி தன் சொந்த ஊரான கண்டியில், போல் கொலிங்வூட்டைப் போல்ட் செய்து ஷேன் வோர்னின் எண்ணிக்கையைக் கடந்தார். 133 டெஸ்டுகள், 44,039 பந்துகள், 67 தடவை ஐந்து விக்கெட்டுகள், ஒருநாள் போட்டிகளில் 534 விக்கெட்டுகள். கடைசி டெஸ்டுக்குக் காலிக்குப் போகும்போது கையில் 792 இருந்தது. எட்டு வேண்டும். 2010 ஜூலை 22, ஐந்தாம் நாள். இந்தியாவின் கடைசி ஆட்டக்காரர் பிரக்யன் ஓஜா கொடுத்த பிடியை மஹேல ஜயவர்தன பிடித்தபோது, டெஸ்டில் அவர் வீசிய கடைசிப் பந்தும் எட்டாவது விக்கெட்டும் ஒன்றாகவே அமைந்தன. எட்டு விக்கெட் மீதமிருக்கும்போதே ‘இதுதான் என் கடைசி டெஸ்ட்’ என்று நாள் குறித்துவிட்டுப் போனார் என்பது அந்த எண்ணைவிட எனக்குப் பெரிதாகப் படுகிறது.

1920 முதல் 2010 வரை தொண்ணூறு ஆண்டுகள், மூன்று தலைமுறைகள். தாத்தா தோட்டத்துக்கு வந்தார். தகப்பன் தோட்டத்துக்கு வெளியே சொந்தத் தொழிலில் நின்றார். பேரன் நல்ல பாடசாலைக்குப் போனார். நடுவிலுள்ள அந்தப் படியில் ஏற மலையகத்தில் எத்தனை குடும்பங்களால் முடிந்தது? எஞ்சியிருந்த நாடற்றோருக்கெல்லாம் பிரஜாவுரிமை கிடைக்க 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நாட்சம்பளம் 1000 ரூபாவைத் தொட 2021ஆம் ஆண்டு பிறக்க வேண்டியிருந்தது, அதுவும் வருடக்கணக்கான போராட்டத்துக்குப் பிறகு. அந்தச் சம்பளத்தில் பிள்ளைக்கு ஒரு சோடி கால்காப்பும் கையுறையும் துடுப்பும் வாங்குவதென்றால், வீட்டில் அடுப்பு எத்தனை நாள் எரியாமல் இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஆகவே, கொழும்பிலும் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருந்து ஒவ்வொரு பண்டிகைக்கும் தோட்டத்து அணிகளுக்குக் கிண்ணமும் டீ-சேர்ட்டும் அனுப்பும் அன்பர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஓர் ஆண்டுக்கு அவற்றை நிறுத்துங்கள். நாலைந்து பேர் சேர்ந்து, பூண்டுலோயாவிலோ கொத்மலைப் பக்கத்திலோ உள்ள ஒரே ஒரு தமிழ்ப் பாடசாலையைத் தெரிவுசெய்யுங்கள். அங்கே ஒரு மெட்டிங் விக்கெட் போட்டுக் கொடுங்கள், இரண்டு பெட்டி கடினப்பந்தும் பிள்ளைகள் மாறி மாறிப் போட ஆறு சோடி கால்காப்பும் வாங்கிக் கொடுங்கள், ஒரு பயிற்றுநருக்கு மூன்று வருடச் சம்பளத்தை முன்கூட்டியே ஒதுக்கிவையுங்கள். பதினான்கு வயதுப் பையன்களும் பெண்பிள்ளைகளும் அங்கே இப்போதே இருக்கிறார்கள்.